டேப் பொம்மையின் இடது தோள்

டுலூத், மினசோட்டா
ஜனவரி 9, 2019

அன்புள்ள ஆர்டன்,

பள்ளியில் நான் தையல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், விலையும் கம்மியா இருக்கணும், உடம்புக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது. அந்த மாதிரிக் கவசம் ஏதாவது இருக்கா?" நாடகத்தில் அவளுக்குப் போர்க்கள ராணி வேஷம். "இருக்கு. ஆனா செய்யறவங்களுக்குப் பொறுமை வேணும்" என்றேன். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனாள்.

இருபத்தைந்து வருடம் கழித்து அதே கேள்வி உன்னிடமிருந்து வந்திருக்கிறது, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையின் பின்புறம், ஒற்றை வரியில். "இரும்பை விட்டுவிட்டேன், மலிவாக, ஆபத்தில்லாமல் எதில் கவசம் செய்யலாம்?" ஒன்றரை வருடம் பேசாமல் இருந்த தம்பி அக்காவுக்கு எழுதுகிற கடிதமா இது? எப்படி இருக்கிறாய் என்று கூட இல்லை.

மூன்று தடவை படித்தேன். மைனாட் ஊரில் முப்பத்து நான்கு வருடம் கார்களுக்கு டிங்கர் வேலை பார்த்தவன் நீ. "ஃபோம்ல கவசம் செஞ்சு போட்டுக்கிறவன் சண்டைக்குப் போறானா, தூங்கப் போறானா?" என்று என்னையும் என் கவசத்தையும் பார்த்துச் சிரித்தவன். இப்போது தகடு விலை ஏறிவிட்டது என்கிறாய். நம்புகிறேன். வாழ்நாளில் ஒரு சாமானின் விலையையும் திருப்பிப் பார்க்காத ஆள் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது?

ஒரு விஷயம். தொலைபேசியில் கூப்பிடாதே. நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம், ஒரே நேரத்தில் வைப்போம். கடிதத்தில் முடிகிற வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். வேஷத் திருவிழாக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். ஜோடி அணிவகுப்பில் நாரை வாசல் காவலர்களாக வருகிற நாம் போன வருடம் வரவில்லை, இந்த ஆகஸ்டிலும் வராவிட்டால் அந்த இடத்தை வேறு ஜோடிக்குக் கொடுத்துவிடுவார்களாம். பதினேழு வருடம் நாம் நடந்த இடம். நான் தனியாக நடக்க முடியாது. ஜோடி என்றால் இரண்டு பேர், இரண்டு கவசமும் ஒரே மாதிரி.

ஆகவே பதில் சொல்கிறேன். குழந்தைகள் விளையாடத் தரையில் கோத்து விரிக்கிற ஃபோம் பாய் இருக்கிறதே, அதுதான். பெருவிரலால் அழுத்திப் பார். மூன்று எண்ணுவதற்குள் பள்ளம் மேலே வந்தால் நல்ல பாய். வராவிட்டால் கடையிலேயே வைத்துவிடு. ஹீட் கன் ஊதுகிற சூடான காற்றைக் காட்டி வளைக்க வேண்டும். அம்மா லெஃப்சா ரொட்டி சுடுவது நினைவிருக்கிறதா? கல்லில் போட்டு, நிறம் மாறுவதற்கு ஒரு நொடி முன்னால் திருப்புவாள். அதே பதம். புகை வந்தால் நீ ஃபோமை எரிக்கிறாய் என்று அர்த்தம். அந்தப் புகையை மூக்குக்குள் விடாதே.

பாய் தவிர வேறு எதையும் வாங்காதே. சொந்த யோசனை எதுவும் வேண்டாம்.

உன் அக்கா,
மார்லிஸ்

* * *

மைனாட்
ஜனவரி 27

அக்கா,

சொந்த யோசனை ஒன்று வந்தது.

பக்கத்து வீட்டில் புதிதாக அறை கட்டுகிறார்கள். குளிர் உள்ளே வராமல் இருக்கச் சுவருக்குள் வைக்கிற தெர்மாகோல் பலகை மிச்சம் கிடந்தது. எடுத்துக்கொள் என்றார்கள். ஓசியை விட மலிவு எது? நான்கு நாள் உட்கார்ந்து ரம்பத்தால் செதுக்கினேன். நெஞ்சுப் பகுதி, வயிற்று மடிப்பு, நடுவில் சிறகு விரித்த நாரை. பெர்னடின் கூட நின்று பார்த்துவிட்டு, "பரவால்லயே" என்றாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அவள் என் வேலையைப் பார்த்துச் சொன்ன நான்காவது பரவாயில்லை.

அப்புறம் கார் பெயிண்ட் ஸ்பிரே அடித்தேன். வெள்ளி நிறம்.

உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. கார் கதவு எதுவும் என் எதிரில் இப்படிச் செய்ததில்லை. முதலில் நாரையின் தலை உள்ளே போனது. பிறகு சிறகு. பத்து நிமிடத்தில் நெஞ்சில் என் முஷ்டி போகிற அளவுக்கு ஓட்டை. பெர்னடின் சிரித்த சிரிப்பில் நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது.

சரி என்று உன் பாயையே வாங்கினேன். ஷூ ரிப்பேர் கடைக்காரர்கள் போடுகிற மஞ்சள் பசையால் ஒட்டினேன். காரேஜில் மைனஸ் முப்பது டிகிரி. அதனால் வீட்டுக்கு அடியில் இருக்கிற அறையில் வைத்து ஒட்டினேன். தலை கொஞ்சம் சுற்றியது. படியில் உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவுதான். பெர்னடின் அதைப் பெரிதாக்குகிறாள். அவள் உனக்கு எழுதினால் நம்பாதே.

ஆர்டன்

* * *

டுலூத்
பிப்ரவரி 6

அன்புள்ள ஆர்டன்,

கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

சர்க்கரைக் கட்டி மேல் சுடுதண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? தெர்மாகோல் மேல் ஸ்பிரே பெயிண்ட் அடித்தால் அதுதான் ஆகும். பெயிண்டில் இருக்கிற கரைப்பான் அதைத் தின்றுவிடும். இதை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை சொன்னால் கேட்டுக்கொண்டார்கள்.

அது போகட்டும், ஓட்டை விழுந்தது தெர்மாகோலில். அடித்தள அறையில் பசை போட்டாயே, அதை எப்படி விடுவது? உன் வீட்டு வெப்ப உலை அங்கேதானே எரிகிறது? அந்தப் பசையின் ஆவியில் நெருப்புப் பிடிக்கும். கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது ஒரு முகமூடி போடுவாயே, இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்தது, அது எங்கே? சம்பளம் கொடுத்தவர் சொன்னால் போடுவாய், அக்கா சொன்னால் போட மாட்டாய், அப்படித்தானே? தலை சுற்றினது பசையால்தான். இனிமேல் தண்ணீரில் கரைகிற பசை வாங்கு. அதையும் ஜன்னல் திறந்து வைத்துப் போடு. குளிர் அடித்தால் கோட்டு மாட்டிக்கொள்.

இல்லை. நீ எதையும் செய்ய வேண்டாம். நானே செய்து அனுப்புகிறேன். எனக்கு வேண்டியது உன் அளவு மட்டும். நாடாவை வைத்து நீ அளந்தால் தப்பாகத்தான் வரும், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளப்பாய். ஆகவே டேப் பொம்மை வேண்டும். பழைய டி-ஷர்ட் ஒன்றைப் போட்டுக்கொள். அதன் மேல் பெர்னடின் சாமான் கட்டுகிற சாம்பல் நிற டேப்பை இடுப்பிலிருந்து கழுத்து வரை மூன்று அடுக்கு சுற்றட்டும். முதுகில் நேராக வெட்டி, உரித்து எடுத்து, உள்ளே காகிதம் திணித்து அனுப்பு.

மாட்டுவதற்குக் காந்தம் வைக்கப் போகிறேன். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், பிடி பலமாக இருக்கும். தோளில் நான்கு, விலாவில் ஆறு. உன் விரல்களும் என் விரல்களும் இனிமேல் முதுகுக்குப் பின்னால் போய்ப் பக்கிள் மாட்டப் போவதில்லை. கிட்டே கொண்டுபோனால் போதும், டப்பென்று தானாக ஒட்டிக்கொள்ளும்.

மார்லிஸ்

* * *

மைனாட்
மார்ச் 3

அக்கா,

பொம்மை தனிப் பெட்டியில் வருகிறது. பெர்னடின் சுற்றினாள். மூச்சு விட்டால் திட்டினாள், மூச்சு விடாவிட்டால் அதற்கும் திட்டினாள். வெட்டி எடுத்ததும் அதைச் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார வைத்து, "இவரு உங்களை விடக் கம்மியாப் பேசறாரு. இவரையே வச்சுக்கறேன், நீங்க பெட்டிக்குள்ள போங்க" என்றாள்.

காந்தம் வேண்டாம். பக்கிள் போதும்.

ஆர்டன்

* * *

டுலூத்
மார்ச் 18

அன்புள்ள ஆர்டன்,

பொம்மை வந்து சேர்ந்தது. தபால்காரர் பெட்டியை ஆட்டிப் பார்த்துவிட்டு, "தலையில்லாத ஆளு மாதிரி இருக்குங்களே" என்றார். "தம்பிதான், எப்பவுமே அப்படித்தான்" என்றேன்.

இரண்டு சந்தேகம்.

2017-இல் நான் வெட்டின உன் அங்கியின் காகித அச்சு என்னிடம் இருக்கிறது. அதைப் பொம்மை மேல் போட்டுப் பார்த்தேன். சுற்றிலும் நான்கு விரல் தொங்குகிறது. பெர்னடின் டேப்பை இறுக்கிச் சுற்றினாளா, நீ இளைத்துவிட்டாயா?

இரண்டாவது, பொம்மையின் இடது தோள் எலும்புக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டிருக்கிறது. பிஸ்கட் அளவு. பக்கத்தில் எழுத்து ஒன்றும் இல்லை. இது என்ன? வார் போகிற இடமா, நாரை வருகிற இடமா? அளவு எடுத்தவர்கள் குறி போட்டால் குறிப்பும் எழுத வேண்டும். பிள்ளைகளிடம் இதற்காகவே மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

காந்தம் ஏன் வேண்டாம்? காரணம் சொல். "வேண்டாம்" என்பது காரணம் இல்லை. போன தடவை திருவிழாவில் உன் இரும்புக் கவசத்தில் ஒன்பது பக்கிள். நீ மயங்கி விழுந்தபோது முதலுதவிக் கூடாரத்தில் இரண்டு பேர் சேர்ந்தும் அதைக் கழற்ற முடியவில்லை. கடைசியில் நான்தான் வாரை வெட்டினேன். அந்தக் கத்தரிக்கோலை இன்னும் என்னால் துணி வெட்ட எடுக்க முடியவில்லை.

மார்லிஸ்

* * *

மைனாட்
ஏப்ரல் 9

அக்கா,

இளைத்ததற்குக் காரணம் பெர்னடின் போடுகிற இலைதழை. பாலாடைக்கட்டி வழிய வழியச் சுடுகிற ஹாட்டிஷ் சாப்பிட்டு ஒரு வருடம் ஆகிறது. பாலாடைக்கட்டியைக் கடையில் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்கிறேன்.

வட்டம் காபிக் கோப்பை வைத்த தடம். விடு.

காந்தம் வேண்டாம் என்று இதோ இரண்டாவது முறை சொல்கிறேன். நடக்கும்போது பிரிந்துகொள்ளும். மழையில் துருப்பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. போதுமா காரணம்? கூடாரத்தில் நான் சொன்னதைத் திரும்பச் சொல்ல வைக்காதே. நீ எனக்கு டீச்சர் இல்லை.

ஆர்டன்

* * *

டுலூத்
ஜூன் 20

ஆர்டன்,

இரண்டு மாதம் நான் ஏன் எழுதவில்லை என்று உனக்குத் தெரியும். சிவப்பு மையில் காபி குடிக்கிற வீடு எதுவென்றும் எனக்குத் தெரியவில்லை.

கூடாரத்தில் நான் சொன்னதையும் நீ மறந்திருக்க மாட்டாய். "தகரத்துக்குள்ள உன்னை நீயே வேக வச்சுக்கிட்ட, முட்டாள்." நூறு பேர் நின்று கேட்டார்கள். அதை எழுத்தில் திரும்பச் சொல்ல மாட்டேன். ஆனால் அது தப்பு என்றும் சொல்ல மாட்டேன்.

கவசம் இன்று தபாலில் கிளம்பிவிட்டது. எடை ஒரு பூனைக்குட்டி அளவுகூட இல்லை. மேல்பூச்சுக்கு மரப்பசையில் தண்ணீர் கலந்து ஐந்து தடவை, அதற்கு மேல் குழந்தைகள் வரைகிற வர்ணம். நக்கிப் பார்த்தாலும் ஒன்றும் ஆகாது. நாரையின் இறகுகளைத் தனித்தனியாக வெட்டி ஒட்டினேன். கழுத்தை வளைப்பதற்குள் நான்கு தடவை கருக்கினேன். இதே மாதிரி இன்னொன்று எனக்கு.

பக்கிள் கேட்டாய். வைத்திருக்கிறேன், பார்வைக்கு. அதைத் தொட வேண்டாம். தோளில் மாட்டிக்கொண்டு நெஞ்சோடு அழுத்து, டப்பென்று தானாக மூடிக்கொள்ளும். எப்படி என்று கேட்காதே. போட்டுப் பார்த்த பிறகு, அக்கா சொன்னது சரி என்று ஒரு வரி எழுது. போதும்.

மார்லிஸ்

* * *

மைனாட்
ஜூலை 1

அக்கா,

நான் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் இதைப் படித்துவிடு. நான் நன்றாக இருக்கிறேன்.

பெட்டியை நாற்காலிக்கு எதிரில் தரையில் வைத்துத்தான் பிரித்தேன். மடியில் வைத்திருக்க வேண்டியது, நாய் அங்கே படுத்திருந்ததால் வைக்கவில்லை. கத்தரிக்கோலால் கடைசி டேப்பை வெட்டினேன். அட்டை திறந்தது. நாரையைப் பார்த்தேன். அக்கா, அந்த இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். தொடலாம் என்று குனிந்தேன். கையிலிருந்த கத்தரிக்கோல் தானாகத் திரும்பிக் கவசத்தின் இடது தோளில் போய் டப்பென்று ஒட்டிக்கொண்டது.

பெர்னடின் பார்த்தாள். பெட்டியை இழுத்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்க் காரேஜில் வைத்துவிட்டு வந்தாள். எதிரில் உட்கார்ந்து, "இன்னிக்கு நீங்க எழுதறீங்களா, நான் எழுதட்டுமா?" என்றாள்.

நானே எழுதுகிறேன்.

அந்த வட்டம் இருக்கிற இடத்தில், தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவு ஒரு பேஸ்மேக்கர் இருக்கிறது. 2017 செப்டம்பரில் வைத்தார்கள். திருவிழாவில் நான் விழுந்தது வெயிலால் இல்லை, தகரத்தாலும் இல்லை. இதயம் அவ்வப்போது துடிக்க மறந்துவிடுகிறதாம். ஊருக்கு வந்து இரண்டு வாரத்தில் பல் தேய்க்கும்போது மறுபடி விழுந்தேன். அப்போதுதான் கண்டுபிடித்தார்கள்.

டாக்டர் சொன்னது இரண்டு. வெல்டிங் இனிமேல் வேண்டாம். காந்தம் எதுவாக இருந்தாலும் நெஞ்சிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும், கிட்டே வந்தால் கருவி குழம்பிப்போகும். நான் இரும்பை ஏன் விட்டேன் என்று இப்போது புரிந்திருக்கும். தகடு விலை எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஜனவரியில் படியில் உட்கார்ந்தேனே, அது மட்டும் நிஜமாகவே பசைதான். கருவியைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

ஏன் சொல்லவில்லை என்பாய். கூடாரத்தில் நீ என்னை முட்டாள் என்றபோது எல்லோரும் சிரித்தார்கள். போகும்போது முதுகில் தட்டி, "அடுத்த வருஷம் மூளையையும் மாட்டிக்கிட்டு வாப்பா" என்றார்கள். அடுத்த வருஷம் வா என்றார்கள், கவனித்தாயா? முட்டாளைத் திரும்பக் கூப்பிடுவார்கள், அக்கா. நோயாளியை நிழலில் உட்கார வைத்து ஜூஸ் கொடுப்பார்கள். நீதான் முதல் ஆளாக நாற்காலி கொண்டு வருவாய். அதனால் முட்டாளாகவே இருந்துவிடலாம் என்று இருந்தேன்.

வட்டம் போட்டது பெர்னடின். கவசத்தில் அந்த இடம் அழுந்தக்கூடாது என்று நீ கேட்டுத் தெரிந்துகொள்வாய் என்று நினைத்தாளாம். நீ கேட்டாய். நான்தான் காபி என்றேன். நேற்று அவளிடம் சண்டை போட்டேன். "சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணேன். வரைய மாட்டேன்னு பண்ணல" என்கிறாள்.

டாக்டரிடம் கேட்டுவிட்டேன். எடை இல்லாத எதையும் போட்டுக்கொண்டு ஒரு மைல் நடக்கலாம் என்றார். ஆகஸ்டில் நடக்க வேண்டும், அக்கா. உட்கார வைக்காதே.

ஆர்டன்

* * *

டுலூத்
ஜூலை 19

அன்புள்ள ஆர்டன்,

பெர்னடின் திருப்பி அனுப்பிய பெட்டி 8-ஆம் தேதி வந்தது. உன் கடிதம் அதற்கு முன்பே வந்துவிட்டது. பத்து நாளாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். கை வேலையில் இருந்தது என்று வைத்துக்கொள்.

முப்பத்தொரு வருடம் பாடம் நடத்தினேன். பிள்ளைகள் மாட்டேன் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அது வெளியே வருகிற வரைக்கும் காத்திரு என்று புதிதாக வருகிற ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஒருத்திக்கு ஊசி பிடிக்கவே பிடிக்காது. இரண்டு மாதம் காத்திருந்தேன். கண்ணாடி போட வேண்டிய பெண், வீட்டில் சொல்லப் பயம். அவளுக்கு இரண்டு மாதம் கொடுத்தேன். நீ இரண்டு தடவை வேண்டாம் என்று எழுதினாய். நான் காந்தத்தை ஃபோமுக்கு நடுவில் ஒளித்துவைத்து அனுப்பினேன். நாய் உன் மடியில் படுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன், நிறுத்துகிறேன், மறுபடியும் நினைக்கிறேன். அந்த நாய்க்கு ஒரு வேளை ஹாட்டிஷ் கொடு. நீ சாப்பிடாதே.

கூடாரத்தில் சொன்னது தப்பு. நூறு பேர் கேட்கச் சொன்னேன், ஆகவே நூறு பேர் கேட்கத்தான் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அப்படிச் செய்தால் நீ மறைத்தது வெளியே வந்துவிடும். எப்படிச் செய்யலாம் என்று நீயே சொல்.

என் கோபமும் போகவில்லை. நெஞ்சைக் கீறி ஒரு கருவியை வைத்திருக்கிறார்கள், அக்காவுக்குக் காபிக் கறை என்று எழுதுகிறாய். இதற்கு உனக்கு நேரில் கிடைக்கும். தயாராக வா.

கவசத்தைப் பிரித்துவிட்டேன். பத்துக் காந்தத்தையும் ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து, டப்பாவில் போட்டு, நான் பாடம் நடத்திய பள்ளிக்கே கொடுத்துவிட்டேன். பிறகு ஊசியை நூலில் கட்டிக் கவசம் முழுவதும் தொங்கவிட்டுப் பார்த்தேன், எங்கும் இழுக்கவில்லை. இப்போது வலது விலாவில் மட்டும் இரண்டு வார், பள்ளிக்கூடப் பையில் வருகிற பிளாஸ்டிக் பக்கிள். இரண்டு பக்கமும் கிள்ளினால் திறந்துகொள்ளும். முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. இடது தோளுக்குக் கீழே ஃபோமை உட்புறம் குடைந்து, வெளியே இறகு வடிவத்தில் சிறு மேடாகத் தூக்கியிருக்கிறேன். அந்தத் தீப்பெட்டி மேல் எதுவும் படாது.

பார்த்தவர்கள் ஒரு பக்கம் மட்டும் ஏன் மேடு என்று கேட்பார்களே என்று யோசித்தேன். ஜோடி என்றால் ஒரே மாதிரி. ஆகவே என் கவசத்திலும் இடது பக்கம் குடைந்து மேடு வைத்துவிட்டேன். கேட்டால் நாரை வாசலின் வழக்கம் அது என்று சொல்லிவிடலாம்.

நாற்காலி கொண்டு வர மாட்டேன். தண்ணீர் கொண்டு வருவேன். அதற்கு நீ வாயைத் திறக்கக் கூடாது.

கவசம் இந்தக் கடிதத்தோடு வருகிறது. இப்போதே போட்டுக்கொள். நாற்காலியில் உட்கார்ந்து குனிந்து உன் ஷூ நாடாவைக் கட்டு. பிறகு பெர்னடின் பத்து எண்ணுவதற்குள், ஒரே கையால் அதைக் கழற்று.

மார்லிஸ்